ரிவர்ஸ்ல போடுங்க ப்ளானை!

அமெரிக்கப் பாலைவன கேன்யன்களில் ஒரு வார கார் டிரிப்... கிளம்பறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க மக்களே!

'127 ஹவர்ஸ்' படம் பார்த்திருக்கீங்களா பாஸ்? 2010-ல் டேனி பாயில் எடுத்த படம். இசை நம்ம ஏ.ஆர்.ரஹ்மான். அதற்காக அவருக்கு ரெண்டு ஆஸ்கர் நாமினேஷன்கூடக் கிடைத்தது. ஒரு பாறை இடுக்கு, ஒரு ஆள், மாட்டிக்கொண்ட ஒரு கை... அவ்வளவுதான் படமே!

அது நிஜத்தில் நடந்தது. 2003 ஏப்ரல் 26-ம் தேதி, யூட்டா மாநிலத்தில் 'புளூஜான் கேன்யன்' என்ற ஒடுக்கமான பள்ளத்தாக்குக்குள் தனியாக இறங்கினார் ஏரன் ரால்ஸ்டன். உருண்ட பாறை ஒன்று அவருடைய வலது கையைச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டது. ஐந்து நாள் போராடிப் பார்த்துவிட்டு, கடைசியில் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

ஐந்து நாளாக ஏன் யாருமே அவரைத் தேடி அங்கே வரவில்லை? எங்கே போகிறேன் என்று அவர் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. இத்தனைக்கும் மனுஷன் அனுபவப்பட்ட மலையேறி. படிப்பும் நம்ம ஏரியாதான்... மெக்கானிக்கல் இன்ஜினீயர்!

இப்ப எதுக்கு இந்தக் கதைன்னு கேக்கறீங்களா? எம்.எஸ். படிக்க அமெரிக்கா பறக்கிற நம்ம ஆட்களுக்கு, செமஸ்டர் டென்ஷனுக்கு நடுவில் ரெண்டு பிரேக்தான் கைகொடுக்கும். மார்ச்சில் ஸ்பிரிங் பிரேக், நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங். நாலு பேர், ஒரு வாடகைக் கார், மொபைலில் மேப். 'கிராண்ட் கேன்யன் போலாமா மச்சி?' என்று ஒருத்தர் ஆரம்பித்தால் போதும், மத்த மூணு பேரும் பையைத் தூக்கிவிடுவார்கள். போங்க, தாராளமா போங்க. அப்படி ஒரு இடத்தை வாழ்க்கையில் ஒரு தடவையாவது பார்த்தே ஆகணும். ஆனால், அந்த ஊருக்குப் ப்ளான் போடும் விதமே வேற. முடிவிலிருந்து ஆரம்பித்து முன்னால் வரணும். அதாவது, ரிவர்ஸ்!

தலைகீழ் மலை

சாதாரண மலையில் முதலில் ஏறுவோம். மூச்சு வாங்கினால், 'போதும்டா சாமி' என்று இறங்கிவிடலாம். கேன்யனில் கதை உல்டா. காலையில் ஃப்ரெஷ்ஷாக இருக்கும்போது ஜாலியா இறக்கம். வெயில் ஏறி, தண்ணி தீர்ந்து, கால் கெஞ்சும்போதுதான் ஏற்றமே ஆரம்பிக்கும். உடம்பு 'போதும்' என்று சொல்கிற நேரத்தில் பாதி வேலைகூட முடிந்திருக்காது.

கிராண்ட் கேன்யனின் நீளம் 446 கிலோமீட்டர். ஆழம் ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல். அடியில் கிடக்கும் பாறைகளுக்கு வயசு 180 கோடி வருஷம். தெற்கு விளிம்பிலிருந்து இறங்கும் 'பிரைட் ஏஞ்சல்' பாதைதான் ரொம்ப ஃபேமஸ். அதில் மூணு மைல் தூரத்தில் ஒரு ஓய்விடம் இருக்கிறது. போக 4.8 கிலோமீட்டர், வர 4.8 கிலோமீட்டர். 'அட, இவ்ளோதானா?' என்று தோணும். ஆனால், அதற்குள் சுமார் 645 மீட்டர் கீழே இறங்கியிருப்பீர்கள். நம்ம மவுன்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடத்தை ஒன்றின் மேல் ஒன்றாகப் பன்னிரண்டு அடுக்கி, மாடிப்படியில் ஏறிப் பாருங்க. அதுதான் திரும்பி வரும் வழி!

அங்கே சொல்லப்படும் கணக்கு ரொம்ப சிம்பிள். இறங்க எவ்வளவு நேரமோ, ஏற அதைப்போல ரெண்டு மடங்கு. காலை 8 மணிக்கு ஆரம்பித்து மதியம் 2 மணிக்கு மேலே வந்து நிற்கணும் என்றால், கையில் ஆறு மணி நேரம். மூன்றில் ஒரு பங்கு இறங்க, ரெண்டு பங்கு ஏற. ஆக, 10 மணிக்கு எங்கே நிற்கிறீர்களோ, அங்கேயே யு-டர்ன். 'இன்னும் அந்தத் திருப்பம் மட்டும் பாத்துட்டு...' என்று எவனாவது இழுத்தால், அவன் பேச்சைக் கேட்காதீங்க. நதி வரைக்கும் போய் ஒரே நாளில் திரும்பும் ஆசை வேண்டவே வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே போர்டு வைத்துச் சொல்கிறது. அப்படியும் வருஷத்துக்கு 250 பேருக்கு மேல் அங்கே மீட்க வேண்டியிருக்கிறது.

ரூட்டு இதோ!

முதல் தடவை போகிறவர்களுக்கு லாஸ் வேகஸிலிருந்து ஒரு ரவுண்டு வசதி. ஏழு நாள் இருந்தால் நிம்மதியாக முடிக்கலாம்.

முதல் நாள், வேகஸ் டு ஸயான் தேசியப் பூங்கா. சுமார் 260 கிலோமீட்டர். ரெண்டாம் நாள் முழுக்க ஸயானுக்கே. சீஸனில் முக்கியப் பள்ளத்தாக்குக்குள் சொந்த வண்டி போகக் கூடாது. பூங்காவின் ஷட்டில் பஸ்தான். மூன்றாம் நாள், 135 கிலோமீட்டர் தள்ளி ப்ரைஸ் கேன்யன். பேர்தான் கேன்யன். உண்மையில் பனி உறைந்தும் உருகியும் செதுக்கிய ஆயிரக்கணக்கான கல் தூண்களின் கூட்டம் அது. உள்ளே இறங்கும் குவீன்ஸ் கார்டன் - நவஹோ லூப் பாதை ஐந்து கிலோமீட்டருக்குள்தான் வரும். நான்காம் நாள், அரிசோனாவின் பேஜ் என்ற சின்ன ஊர். ஆன்டலோப் கேன்யனும், கொலராடோ நதி குதிரை லாடம் மாதிரி வளைந்து திரும்பும் ஹார்ஸ்ஷூ பெண்டும் அங்கேதான். சுமார் 300 மீட்டர் செங்குத்துப் பள்ளம். தடுப்புக் கம்பி கொஞ்ச தூரத்துக்குத்தான் இருக்கும். செல்ஃபி மன்னர்கள் ஜாக்கிரதை! ஐந்தாம் நாள், 220 கிலோமீட்டர் ஓட்டி கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு. ஆறாம் நாள் அங்கே நடை. ஏழாம் நாள் 450 கிலோமீட்டர் ஓட்டி வேகஸ்.

இதிலும் ரிவர்ஸ்தான். முதலில் ஏழாம் நாள் ஃப்ளைட் நேரத்தைத் தாளில் எழுதுங்க. அங்கிருந்து ஐந்து மணி நேர டிரைவிங், வண்டியைத் திருப்பிக் கொடுக்க ஒரு மணி நேரம், செக்-இன் என்று பின்னாடி வாங்க. எத்தனை மணிக்குக் கண் விழிக்கணும் என்று தானே தெரிந்துவிடும். ஆறாம் நாள் ஏன் 2 மணிக்குள் மேலே வரச் சொன்னேன் என்பதும் புரியும்.

ரூட் போட்டதும் கை சும்மா இருக்காது. 'மானுமென்ட் வேலி பக்கம்தானே?', 'ஆர்ச்சஸையும் சேத்துக்கலாமே?' என்று ஆரம்பிக்கும். வேண்டாம். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பிலிருந்து எதிரில் தெரியும் வடக்கு விளிம்பு 16 கிலோமீட்டர்தான். காரில் சுற்றிப் போனால் சுமார் 350 கிலோமீட்டர்! பள்ளத்தாக்கு தேசத்தில் 'பக்கம்' என்ற வார்த்தைக்கு அர்த்தமே வேற. மேப்பில் சேர்த்த ஒவ்வொரு இடமும் நீங்கள் தூங்கும் நேரத்தைத்தான் தின்னும். தூக்கம் கெட்டவன் கையில் ஸ்டீயரிங். ராத்திரியில் ரோட்டுக்குக் குறுக்கே மான், மாடு. எதெல்லாம் பார்க்கப் போவதில்லை என்று முதலில் ஒரு லிஸ்ட் போட்டுவிடுங்க. அடுத்த பிரேக் எங்கேயும் ஓடிப்போகாது.

மணி என்னாச்சு?

இந்த டிரிப்பில் நிறையப் பேருக்கு பல்பு கொடுப்பது கடிகாரம்தான். நெவாடாவிலிருந்து யூட்டாவுக்குள் நுழைந்ததும் மணி ஒண்ணு கூடிவிடும். மார்ச் ரெண்டாவது ஞாயிறு யூட்டா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தும். அரிசோனா நகர்த்தாது. ஆக, ஸ்பிரிங் பிரேக்கில் யூட்டாவில் காலை 8 என்றால் பேஜில் 7. இதோடு விட்டதா? அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ நேஷன் மட்டும் நகர்த்தும்! பேஜ் ஊரோ நவஹோ எல்லையை ஒட்டி நிற்கிறது. மொபைல் எந்த டவரைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். அதனால், டிக்கெட் புக் பண்ணும்போதே எந்த ஊர் நேரம் என்று பார்த்து வையுங்க. மொபைலில் ஆட்டோமேட்டிக் டைமை ஆஃப் பண்ணிடுங்க.

சூரியனுக்கு இந்தக் குழப்பம் எதுவும் கிடையாது. தேங்க்ஸ்கிவிங் சமயத்தில் கிராண்ட் கேன்யனில் மாலை ஐந்தேகால் வாக்கிலேயே அஸ்தமனம். பாலைவனம்தானே என்று அரைக்கை டி-ஷர்ட்டோடு போகாதீங்க. ப்ரைஸின் விளிம்பு 2,400 மீட்டருக்கு மேல், ஊட்டியைவிட உயரம். மார்ச்சிலும் பனி கிடக்கும். நிழல் விழும் பாதைகளில் ஐஸ் கட்டியிருந்தால், ஷூவில் மாட்டும் முள் பட்டை இல்லாமல் இறங்கவே கூடாது.

தண்ணி இல்லேன்னா...

2024 ஜூலை. யூட்டாவின் கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா. ஓர் அப்பாவும் 23 வயது மகளும், சுமார் 13 கிலோமீட்டர் சுற்றுப் பாதை ஒன்றில் நடக்கக் கிளம்பினார்கள். வழி தவறியது. கையிலிருந்த தண்ணி தீர்ந்தது. வெயில் 38 டிகிரிக்கு மேல். 911-க்கு மெசேஜ் அனுப்பினார்கள். மீட்புக் குழு போய்ச் சேர்ந்தபோது இருவருமே உயிரோடு இல்லை. அந்தப் பொண்ணுக்குக் கிட்டத்தட்ட நம்ம வயசு.

ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர். இதுதான் பாலைவனத்தின் அடிப்படைக் கணக்கு. நடக்கும்போது முதுகில் இருக்கிறது போக, வண்டியில் தனியாக ஒரு கேன் எப்பவும் இருக்கணும். பாட்டிலில் பாதி காலியானால் அதுவும் ஒரு யு-டர்ன் சிக்னல்தான். வழியில் குழாய் இருக்கு என்று நம்பிப் போகாதீங்க. பிரைட் ஏஞ்சல் பாதையில் இருக்கும் குழாய்கள் குளிர்காலத்தில் மூடிக்கிடக்கும், பைப் உடைந்தால் கோடையிலும் வராது. அன்றைக்குக் காலை ரேஞ்சரிடம் கேட்டுவிட்டு இறங்குங்க.

வெறும் தண்ணியாகக் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. வியர்வையில் உப்பு போய்க்கொண்டே இருக்கும். தண்ணி மட்டும் உள்ளே போனால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலை சுற்றி, மயக்கம் வரைக்கும் போகும். அதனால்தான் அங்கே உப்புள்ள நொறுக்குத் தீனியை எடுத்துப் போகச் சொல்கிறார்கள். அம்மா பார்சல் கட்டிய முறுக்கும் காராசேவும் சூட்கேஸ் மூலையில் கிடக்குமே... அதுக்கான நேரம் இதுதான்! கோடையில் போக நேர்ந்தால் காலை 10 முதல் மாலை 4 வரை கேன்யனுக்குள் நடக்கவே வேண்டாம். மேலே இதமாக இருக்கும்போதே, கீழே பத்து டிகிரிக்கு மேல் கூடுதலாகச் சுட்டெரிக்கும்.

தண்ணி வந்துச்சுன்னா...

அதே பாலைவனத்தில் தண்ணியில் மூழ்கியும் செத்திருக்கிறார்கள். 1997 ஆகஸ்ட் 12-ம் தேதி, ஆன்டலோப் கேன்யனுக்குள் சுற்றிப் பார்க்க இறங்கியவர்கள் தலைக்கு மேல் பெரிதாக மழை இல்லை. பல மைல் தள்ளி எங்கோ இடி மழை. அந்தத் தண்ணி மொத்தமும் ஓடிவந்து, ஆள் நுழையும் அகலமே இருக்கும் அந்தப் பாறை இடுக்குக்குள் பாய்ந்தது. பதினோரு பேர் போய்விட்டார்கள். 2015 செப்டம்பர் 14-ம் தேதி ஸயானின் கீஹோல் கேன்யனில் இதேபோல் ஏழு பேர்.

காரணம், அந்த மண். பாறையும் காய்ந்து இறுகிய தரையும் மழையை உறிஞ்சாது. பெய்தது அத்தனையும் வழிந்து பள்ளத்துக்கே வரும். சேறு, மரக்கட்டை எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு வரும். ஜூலையிலிருந்து செப்டம்பர் பாதி வரை அங்கே பருவமழைக் காலம். உங்க தலைக்கு மேல் வானம் நீலமா இருக்கா என்பது கேள்வியே இல்லை. மேல்மடையில் மழை உண்டா என்று பாருங்க. ஸயானில் தினமும் வெள்ள அபாய அளவை அறிவிப்பார்கள். 'வரலாம்' என்று இருந்தாலே ஒடுக்கமான கேன்யன்களை விட்டுவிடுங்க. உள்ளே இருக்கும்போது தண்ணி திடீரென்று கலங்கினாலோ, மட்டம் ஏறினாலோ, மேலிருந்து உறுமல் கேட்டாலோ, பையை விட்டுட்டு உயரமான இடத்துக்கு ஏறிடணும். வந்த வழியே ஓடி ஜெயிக்க முடியாது.

வண்டியும் ஜி.பி.எஸ்-ஸும்

2011 மார்ச். லாஸ் வேகஸுக்குக் கிளம்பிய ஒரு கனடா தம்பதி, ஜி.பி.எஸ். காட்டிய குறுக்கு வழியில் திரும்பினார்கள். நெவாடா மலைப் பாதையில் வண்டி சிக்கிக்கொண்டது. உதவி தேடி நடந்து போன கணவர் திரும்பவே இல்லை. அடுத்த வருஷம்தான் அவருடைய உடல் கிடைத்தது. வேனிலேயே இருந்த மனைவியை ஏழு வாரம் கழித்து வேட்டைக்காரர்கள் உயிரோடு கண்டுபிடித்தார்கள். பாடம் ரெண்டு. தார் ரோட்டை விட்டு இறங்காதே. சிக்கினால் வண்டியை விட்டு நகராதே.

கிளம்பும் முன்பே மேப்பை டவுன்லோடு பண்ணிடுங்க. பாதி இடங்களில் சிக்னல் கிடையாது. பேப்பர் மேப் ஒன்றும் இருக்கட்டும். அதற்குச் சார்ஜ் தேவையில்லை! டேங்க் பாதிக்குக் கீழே இறங்க விடாதீங்க. அடுத்த தடவை ஆர்ச்சஸ் பக்கம் போனால் நினைவு வைத்துக்கோங்க... யூட்டாவில் ஐ-70 நெடுஞ்சாலையில் சாலினாவுக்கும் கிரீன் ரிவருக்கும் நடுவே சுமார் 175 கிலோமீட்டருக்கு ஒரு பெட்ரோல் பங்க்கூட இல்லை. இன்னொன்று, 25 வயதுக்குக் கீழே என்றால் வாடகைக் கார் கம்பெனிகள் பெரும்பாலும் தினசரி எக்ஸ்ட்ரா சார்ஜ் போடும். பட்ஜெட்டில் அதையும் சேர்த்துக்கோங்க.

பர்ஸும் பர்மிட்டும்

ஸயான், ப்ரைஸ், கிராண்ட் கேன்யன் ஒவ்வொன்றுக்கும் கார் நுழைய 35 டாலர். மூன்றுக்கும் 105. எல்லா தேசியப் பூங்காவுக்கும் செல்லும் வருடாந்தர பாஸ் 80 டாலர்தான். ஆனால் 2026 ஜனவரி 1 முதல் அந்த 80 டாலர் விலை அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு மட்டும். மற்றவர்களுக்கு 250. பாஸ் இல்லாமல் போகும் வெளிநாட்டவர், நெரிசல் மிகுந்த 11 பூங்காக்களில் தலைக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்டணும். நம்ம ரூட்டில் இருக்கும் மூன்றுமே அந்த லிஸ்ட்டில் உண்டு! அங்கே வழங்கப்பட்ட அரசு போட்டோ அடையாள அட்டை கையில் இருக்கா, உங்க நிலைமைக்கு எந்த விலை என்று புக் பண்ணும் முன் பூங்காவின் அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துக்கோங்க. விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும்.

சில இடங்களுக்குக் காசு மட்டும் போதாது, அதிர்ஷ்டமும் வேணும். ஸயானின் ஏஞ்சல்ஸ் லேண்டிங் உச்சிக்குச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏற 2022 ஏப்ரலிலிருந்து குலுக்கல் முறையில் பர்மிட். முந்தின நாள் மதியம் 3 மணி வரைகூட விண்ணப்பிக்கலாம். கிடைக்கலேன்னா? ஸ்கவுட் லுக்அவுட் வரை பர்மிட் இல்லாமலே போகலாம். காட்சி அங்கேயே அட்டகாசம்.

ஆன்டலோப் கேன்யன் நவஹோ மக்களின் நிலம். உள்ளூர் வழிகாட்டியோடு மட்டும்தான் அனுமதி. தேசியப் பூங்கா பாஸ் அங்கே செல்லாது. முன்கூட்டியே புக் பண்ணணும். நவஹோ நேஷன் சுமார் 70,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். சொந்த அரசும் சட்டமும் உண்டு. நாம் அங்கே விருந்தாளி. அனுமதி கேட்காமல் ஆட்களைப் படம் எடுக்காதீங்க, பாறையில் பேர் செதுக்காதீங்க. யூட்டா பக்கம் மண்ணில் கருப்பாகப் பொருக்கு தட்டிய மாதிரி தெரிவது உயிருள்ள மண். ஒரு காலடி பட்டால் அது மறுபடி வளரப் பல வருஷம் ஆகும். பாதையிலேயே நடங்க.

ஃப்ரிட்ஜில் ஒட்டுங்க!

ரால்ஸ்டன் செய்யாமல் விட்ட வேலை இதுதான். ஒரு வெள்ளைத் தாள், அஞ்சு நிமிஷம். எழுதி டிரிப்புக்கு வராத ரூம்மேட் கையில் ஒன்று கொடுங்க, வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்க.

• நாலு பேர் பெயர், போன் நம்பர், வீட்டு நம்பர்.
• கார் மாடல், நிறம், நம்பர் பிளேட்.
• ஒவ்வொரு ராத்திரியும் தங்கும் இடம்.
• ஒவ்வொரு நாளும் நடக்கப்போகும் பாதையின் பெயர். திட்டம் மாறினால் இறங்கும் முன் ஒரு மெசேஜ்.
• யு-டர்ன் நேரம், மேலே வந்து சேரும் நேரம்... எந்த ஊர் மணி என்பதோடு!
• 'ராத்திரி இத்தனை மணிக்குள் தகவல் வரலைன்னா, அந்தப் பூங்காவின் அவசர எண்ணுக்குக் கூப்பிடு.'

இந்தக் கடைசி வரியை மட்டும் மறந்துடாதீங்க. மற்றதெல்லாம் எங்கே தேடுவது என்று சொல்லும். எப்போது தேட ஆரம்பிப்பது என்று சொல்வது இது ஒன்றுதான். குரல் கால் போகாத இடத்தில் 911-க்கு எஸ்.எம்.எஸ். சில சமயம் போகும். புது மாடல் போன்கள் சிலவற்றில் சாட்டிலைட் வழியாக எமர்ஜென்சி மெசேஜ் அனுப்பும் வசதியும் உண்டு. ஆனால், பாறைச் சுவர்களுக்கு நடுவே வானமே ஒரு கோடாகத் தெரியும் இடத்தில் சாட்டிலைட்டை நம்ப முடியாது. ரூம்மேட்டை நம்பலாம்!

நம்ம வீடுகளில் வாசல் தாண்டும்போது 'போறேன்' என்று சொன்னால் பாட்டிக்குக் கோபம் வரும். 'போயிட்டு வர்றேன்னு சொல்லுடா' என்பார்கள். யோசித்துப் பாருங்க, கிளம்பும்போதே திரும்பி வருவதையும் சேர்த்துச் சொல்கிற ஊர்க்காரங்க நாம. நமக்கு ரிவர்ஸ் ப்ளான் கத்துக்கொடுக்கவா வேணும்?

போயிட்டு வாங்க மக்களே!